மூன்றாம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு
நேற்று மாலையே ஏறிவிட்டது.
மண்டபம் வடக்குத் துறையில்
'டோக்கன் இல்லை' என்று
பலகையில் எழுதியது நான்தான்.
விரலில் இன்னும் சாக்பீஸ் தூள்.

படகுகள் தோளோடு தோள் இடித்து முனகுகின்றன.
வாடைக்காற்று சன்னல் கொக்கியைப்
பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிறது.
வரிசை இல்லை, முத்திரை இல்லை.
பழைய டோக்கன் கட்டின் பின்பக்கம்
மொத்தமும் வெள்ளை.

'சுருக்குக' என்கிறது வினா.
இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு
சுருக்குமடி ஞாபகம் வரும், ரெய்டு வரும்,
வலையைப் பறிகொடுத்தவன் வாய்க்கு வந்ததெல்லாம் வரும்.
எனக்கு வந்தது இது:

√(5 + 2√6)

கூண்டுக்குள் கூண்டு.
உள்கூண்டில் ஆறு குந்தியிருக்கிறது.
ஐந்துக்குக் கொஞ்சம் இடம் அதிகம்,
கூரை என்னவோ ஒன்றுதான்.

உடைக்கக் கூடாது. விசாரிக்க வேண்டும்.
கூட்டினால் ஐந்து, பெருக்கினால் ஆறு,
யார் அந்த இரண்டு பேர்?
ஒன்றும் நான்கும் வந்தார்கள், பெருக்கலில் தோற்றார்கள்.
ஒன்றும் ஆறும் வந்தார்கள், கூட்டலில் தோற்றார்கள்.
பிறகு மூன்றும் இரண்டும்,
வெகுநேரமாக அங்கேயே நின்றவர்கள் போல.

√3 + √2

விடுதலை என்று சொல்ல மாட்டேன்.
ஆளுக்கொரு கூண்டு, அவ்வளவுதான்.

நடுவில் கழித்தல் குறி இருந்தால்
பெரியதை முன்னால் நிறுத்த வேண்டும்.
போன தேர்வில் இரண்டை முன்னால் நிறுத்தினேன்.
விடை சுழியத்துக்குக் கீழே போனது.
இந்தக் குறி போட்ட எதுவும் அங்கே போகாது
என்று தெரிந்தும் நிறுத்தினேன்.
ஒரு மதிப்பெண்.
அந்த ஒன்றைத் தாண்டிவிட்டவர்கள்
இப்போது பரமக்குடியில், திருவாடானையில்
கரும்பலகை முன்னால் நிற்கிறார்கள்.

அடுத்தது √(7 + 4√3).
நான்கைத் தணிக்க வேண்டும்.
இரண்டை வாசலில் விட்டு
இன்னொரு இரண்டை உள்ளே அனுப்பினேன்.
படி தாண்டும்போதே நான்காகிவிட்டது,
மூன்றோடு பெருகிப் பன்னிரண்டானது.
கூட்டினால் ஏழு, பெருக்கினால் பன்னிரண்டு:
நான்கும் மூன்றும்.
நான்கு கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு
இரண்டாக வெளியே நடந்து வந்தது.
மூன்று வரவில்லை.

கதவைத் தட்டாமல் கித்தேரியான் வந்தார்.
தலையில் உரப்பை, காலெல்லாம் சேறு.
"மூணு எப்ப இறங்கும்?"
"இங்கயும் அது உள்ளதான் இருக்கு"
என்று தாளைக் காட்டினேன்.
சிரிக்கவில்லை.
நாலாயிரத்துக்கு ஐஸ் ஏற்றி வைத்திருக்கிறாராம்.
தாளை வாங்கித் திருப்பினார்.
அந்தப் பக்கம் அவர் படகின் எண்.
ஆகஸ்டு மாத டோக்கன்.
"அன்னைக்கு நல்ல இறால் பாடு" என்றார்.
தாளைத் திருப்பித் தரவில்லை.

இன்னொரு தாளில் √(6 + 2√7).
கூட்டினால் ஆறு, பெருக்கினால் ஏழு.
முழு எண்களில் அப்படி ஜோடியே கிடையாது.
விடவில்லை நான்.
இருபடிச் சமன்பாட்டைப் போட்டு இழுத்தேன்.
வந்தார்கள்,
மூன்றோடு ரூட் இரண்டைக் கூட்டிக்கொண்டு ஒருவர்,
கழித்துக்கொண்டு ஒருவர்.

√(3 + √2) + √(3 − √2)

வர்க்கப்படுத்திப் பார்த்தேன், சரிதான்.
ஆனால் ஒரு அடுக்குக் கூண்டைத் திறந்து
இரண்டு அடுக்குக் கூண்டு செய்திருக்கிறேன்.
அடித்தேன்.
வினாவையே விடையாக எழுதி
'இதற்குமேல் சுருங்காது' என்று கோடு போட்டேன்.
இதற்கு மதிப்பெண் உண்டா, தெரியாது.

கரண்ட் போனது.
கித்தேரியான் இன்னும் போகவில்லை.
பெஞ்சில் உட்கார்ந்து
ஆகஸ்டு மாதத்தை நாலாக மடிக்கிறார்,
விரிக்கிறார்,
செல்போன் வெளிச்சத்தில் என் கணக்கை
வலையில் கிழிசல் தேடுவது மாதிரி
விரல் வைத்துப் பார்க்கிறார்.
"இதுல ஏன்மா இந்த ரெண்டை மட்டும் வெளிய விட்ட?"